திரையில் துள்ளும் பந்து எந்த விதிக்குக் கட்டுப்படுகிறது?

கூடைப்பந்து வீடியோ விளையாட்டு ஒன்றைத் திரையில் ஓடவிட்டுச் சற்றுத் தொலைவில் நின்று பாருங்கள். ஆட்டக்காரரின் நெற்றியில் வியர்வை மின்னுகிறது. மெருகேற்றிய மரத்தரையில் விளக்குகளின் பிம்பம் தெரிகிறது. காலணி தரையில் உரசும் ஒலி கேட்கிறது. வர்ணனையாளர்கள் ஓயாமல் பேசுகின்றனர். அமெரிக்காவின் தேசியக் கூடைப்பந்துச் சங்கமாகிய என்.பி.ஏ. நடத்தும் போட்டியின் நேரடி ஒளிபரப்பு இது என்று நீங்கள் எண்ணிவிட்டால் அதில் வியப்பில்லை. ஆனால் அங்கே ஆட்டக்காரரும் இல்லை, பந்தும் இல்லை, தரையும் இல்லை. விநாடிக்கு 60 படங்கள் வீதம் ஒரு கணிப்பொறி வரைந்து காட்டும் ஓவியங்களே அவை.

இவ்விளையாட்டுகள் இளைஞர்களை ஏன் இவ்வளவு கவர்கின்றன? "உண்மை போலவே இருப்பதால்" என்பது எல்லோரும் சொல்லும் விடை. அது போதாது. எந்த உண்மையைப் போல? தோற்றத்திலா, இயற்கை விதியிலா? இந்த வினாவை மனத்திற்கொண்டு, இவ்வகையில் மிகவும் புகழ்பெற்ற 'என்.பி.ஏ. 2கே' என்னும் விளையாட்டுத் தொடரை ஆராய்வோம். நூலுக்கும் நாடகத்துக்கும் விமர்சனம் எழுதுவது போல விளையாட்டுக்கும் எழுதலாமா என்று சிலர் கேட்கக்கூடும். தாராளமாக எழுதலாம். ஒவ்வொரு வீடியோ விளையாட்டும் உலகின் ஒரு பகுதி எவ்வாறு இயங்குகிறது என்பது பற்றி ஒரு கருத்தைச் சொல்கிறது. அக்கருத்து சரிதானா என்று கேட்பது அறிவியல் மாணவரின் உரிமை அல்லவா?

கட்டங்களிலிருந்து வியர்வைத் துளி வரை

கூடைப்பந்து ஆட்டத்தை 1891இல் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் என்னும் உடற்பயிற்சி ஆசிரியர் தோற்றுவித்தார். அது கணிப்பொறித் திரைக்கு வரும்போது முதலில் மிக எளிய உருவில்தான் வந்தது. 1978இல் அட்டாரி நிறுவனம் தன் வீட்டு விளையாட்டுப் பொறிக்கு வெளியிட்ட 'பேஸ்கட்பால்' ஆட்டத்தில் கட்டங்களால் ஆன இரண்டே உருவங்கள் எதிரெதிரே நின்றன.

1983இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் நிறுவனம் 'ஒன் ஆன் ஒன்' என்ற விளையாட்டை வெளியிட்டது. ஜூலியஸ் எர்விங், லாரி பேர்ட் என்ற இரு பெரும் ஆட்டக்காரர்கள் தங்கள் பெயரை அதற்குத் தந்தனர். படம் இன்னும் கட்டங்களாகவே இருந்தது. ஆயினும் அதில் புதுமை ஒன்று உண்டு. திரை மனிதர்கள் ஓடினால் களைத்தனர். களைத்தால் ஆட்டம் தளர்ந்தது. ஒருவர் தொலைவிலிருந்து எறிவதில் வல்லவர், மற்றவர் வளையத்தை நோக்கிப் பாய்வதில் வல்லவர் என்ற வேறுபாடும் இருந்தது. ஓங்கி அடித்தால் வளையத்தின் பின்னுள்ள கண்ணாடிப் பலகை நொறுங்கும்; துப்புரவுப் பணியாளர் வந்து முணுமுணுத்தபடி சில்லுகளைப் பெருக்குவார். உண்மையின் சுவை படத்தின் துல்லியத்தில் மட்டும் இல்லை என்பதற்கு இது நல்ல சான்று.

நாம் எடுத்துக்கொண்ட 'என்.பி.ஏ. 2கே' தொடர் 1999இல், சேகா நிறுவனத்தின் ட்ரீம்காஸ்ட் பொறிக்காகப் பிறந்தது. விஷுவல் கான்செப்ட்ஸ் என்னும் குழு அதை உருவாக்கியது. 2005இல் அக்குழு டேக்-டூ நிறுவனத்தின் கைக்கு மாறியது. அன்றிலிருந்து இன்றுவரை ஆண்டுதோறும் ஒரு புதுப்பதிப்பு வந்துகொண்டிருக்கிறது.

ஓர் எளிய கணக்கு

இனி இயற்பியலுக்கு வருவோம். கூடைப்பந்தில் 'ஃப்ரீ த்ரோ' என்று ஓர் எறிதல் உண்டு. எவரும் தடுக்காமல், கோட்டில் நின்று நிதானமாக எறியலாம். வளையம் தரையிலிருந்து 3.05 மீட்டர் உயரத்தில் உள்ளது. அதன் விட்டம் 45.7 செ.மீ. பந்தின் விட்டம் ஏறக்குறைய 24 செ.மீ. எறியும் கோட்டிலிருந்து வளையத்தின் நடுப்புள்ளிக்குக் கிடைத்தொலைவு சுமார் 4.2 மீட்டர்.

ஆட்டக்காரர் 2.1 மீட்டர் உயரத்தில் பந்தைக் கைவிடுவதாகக் கொள்வோம். காற்றின் தடையைப் புறக்கணித்துவிட்டு, மேனிலைப் பள்ளியில் நீங்கள் கற்ற எறிபொருள் சமன்பாட்டைப் பயன்படுத்துங்கள். மிகக் குறைந்த வேகத்தில் பந்தை வளையத்தில் சேர்க்க வேண்டுமானால் கிடைக்கோட்டுக்கு ஏறக்குறைய 51 பாகைச் சாய்வில், விநாடிக்கு 7.2 மீட்டர் வேகத்தில் எறிய வேண்டும் என்று விடை வரும். பந்து காற்றில் இருக்கும் நேரம் ஒரு விநாடிக்கும் சற்றுக் குறைவு. அது வளையத்துக்குள் 39 பாகைச் சரிவில் இறங்கும்.

சரிவாக வரும் பந்துக்கு வளையம் வட்டமாகத் தெரியாது. ஒடுங்கிய நீள்வட்டமாகவே தெரியும். 32 பாகைக்கும் குறைந்த சரிவில் வரும் பந்து வளையத்தைத் தொடாமல் உள்ளே நுழையவே முடியாது. 39 பாகையில் வரும் பந்துக்கோ முன்னும் பின்னும் ஏறக்குறைய 3.7 செ.மீ. மட்டுமே இடைவெளி உண்டு. எறியும் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு பிழை நேர்ந்தால் பந்து எவ்வளவு தள்ளி விழும் என்று கணக்கிட்டுப் பாருங்கள். ஏறக்குறைய 11 செ.மீ.! ஆகவே வளையத்தை உரசாமல் பந்து உள்ளே செல்ல, வேகத்தில் ஆயிரத்தில் மூன்று, நான்கு பங்குக்கு மேல் பிழை இருக்கலாகாது. வளையத்திலும் பலகையிலும் பட்டுத் துள்ளி உள்ளே விழும் வாய்ப்பு உண்டு என்பது உண்மையே. இருந்தாலும், பல்லாயிரம் முறை எறிந்து பழகிய உடல் எத்துணை நுண்மையுடன் செயற்படுகிறது என்பதை இக்கணக்கு காட்டுகிறது.

கட்டை விரலின் மொழிபெயர்ப்பு

இந்த நுண்மையை ஒரு சிறு கருவியைக் கையில் பிடித்திருக்கும் விளையாட்டுக்காரரிடம் அப்படியே எதிர்பார்க்க முடியுமா? வேகம், சாய்வு, திசை மூன்றையும் ஆயிரத்தில் மூன்று பங்குத் துல்லியத்தில் கட்டை விரலால் அமைக்கச் சொன்னால், மாலை முழுவதும் ஆடினாலும் ஒரு புள்ளி கிடைப்பது அரிது. விளையாட்டை மூடி வைத்துவிடுவார்!

எனவே இத்தொடரை உருவாக்கியோர் வேறு வழியை நாடினர். நீங்கள் ஒரு பொத்தானை அழுத்தினால் திரை மனிதர் எறியத் தொடங்குவார். அவர் கை உச்சிக்கு வரும் சரியான கணத்தில் பொத்தானை விட வேண்டும். அக்கணம் விநாடியின் மிகச் சிறு பகுதியே. சரியாக விட்டால் பச்சை ஒளி தோன்றும்; பந்து உள்ளே செல்லும். சற்றுப் பிசகினால் வெற்றியை நிகழ்தகவு தீர்மானிக்கும். அந்த ஆட்டக்காரரின் திறன் எண், வளையத்தின் தொலைவு, தடுப்பவர் எவ்வளவு அருகில் இருக்கிறார், களைப்பு எவ்வளவு ஆகியவற்றைச் சேர்த்துப் பொறி ஒரு வாய்ப்பு விகிதத்தைக் கணிக்கிறது. பின்னர், தாயக்கட்டை உருட்டுவது போல ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுத்து முடிவு செய்கிறது. அந்த முடிவுக்குப் பொருந்தும் பாதையில் பந்து பறக்கிறது.

இதிலுள்ள தலைகீழ் மாற்றத்தைக் கவனியுங்கள். இயற்கையில் பாதை முடிவைத் தீர்மானிக்கிறது. இங்கோ முடிவு பாதையைத் தீர்மானிக்கிறது!

இதை மோசடி என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. இதனை ஒரு மொழிபெயர்ப்பு என்றே கொள்வேன். மெய்யான ஆட்டக்காரரின் நுண்மை தசையின் விசையில் இருக்கிறது. விளையாட்டுக்காரரால் காட்டக்கூடிய நுண்மையோ காலத்தில் இருக்கிறது. ஒன்றை மற்றொன்றாக மாற்றித் தந்திருக்கின்றனர். பயின்றால் கைவரும், பதற்றத்தில் பிசகும் என்ற இரு பண்புகளும் இம்மாற்றத்தில் அழியாமல் நிற்கின்றன. நல்ல மொழிபெயர்ப்புக்கு இதுதானே இலக்கணம்?

இதற்கு நேர்மாறான முயற்சியும் நடந்தது. 2010இல் எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் 'என்.பி.ஏ. எலீட் 11' என்ற விளையாட்டைத் தயாரித்தது. கையிலுள்ள சிறு குச்சியை நேராகத் தள்ளாவிட்டால் பந்தும் பக்கவாட்டில் விலகும். ஆட்டக்காரர்கள் மோதிக்கொள்வதை அந்தந்தக் கணத்தில் இயற்பியல் கணக்கே தீர்மானிக்கும் என்று அறிவித்தனர். ஆனால் மாதிரிப் பதிப்பு வெளிவந்ததும் சிரிப்புக்கு இடமாயிற்று. ஆண்ட்ரூ பைனம் என்னும் ஆட்டக்காரரின் உருவம் இரு கைகளையும் விரித்தபடி களத்தின் நடுவே சிலையாக நின்றுவிட்டது! விளையாட்டு கடைக்கு வராமலேயே கைவிடப்பட்டது. நிரலிலிருந்த பிழைகளே இதற்கு உடனடிக் காரணம். இயற்பியலைக் குறை கூறுவது நியாயமாகாது. எனினும் இந்நிகழ்ச்சி ஓர் உண்மையைச் சொல்கிறது. பந்தின் பாதையில் சில செ.மீ. பிழை இருந்தால் நம் கண் பொறுத்துக்கொள்ளும். மனிதரின் நிலையில் பிழை இருந்தால் ஒரு கணமும் பொறுக்காது.

'2கே' தொடரின் கவர்ச்சிக்கு முதற்காரணம் இங்கே கிடைக்கிறது. மெய்யான ஆட்டக்காரர்களின் உடலில் குறிகள் பொருத்தி, பல படக்கருவிகளால் அவர்களுடைய அசைவைப் பதிவு செய்து, அதையே திரை மனிதருக்கு ஊட்டுகின்றனர். 2023இல் வந்த பதிப்பில், போட்டிகளின் ஒளிப்பதிவிலிருந்தே அசைவுகளைப் பிரித்தெடுக்கும் முறையும் சேர்ந்தது. ஒருவர் எறியும் பாணியைக் கண்டே அவர் இன்னார் என்று சொல்லிவிடலாம். உடலில் குத்திய பச்சையைக்கூட விடவில்லை. லெப்ரான் ஜேம்ஸ் முதலிய மூவரின் பச்சைக்கோலங்களைப் படியெடுத்தது உரிமை மீறல் என்று வழக்கே தொடரப்பட்டது. 2020இல் நியூயார்க் நீதிமன்றம் விளையாட்டைத் தயாரித்தோர் பக்கம் தீர்ப்பளித்தது.

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியமானது. இவ்விளையாட்டு ஓர் 'இயங்கும் மாதிரி'. கூடைப்பந்தில் ஒரு பழைய உத்தி உண்டு. ஒருவர் தூண் போல நின்று தம் தோழரைத் துரத்துபவரை மறிப்பார். பின்பு திரும்பி வளையத்தை நோக்கி ஓடுவார். அப்போது தடுப்பவர்கள் இருவரும் யாரைப் பிடிப்பது என்று தடுமாறுவர். தொலைக்காட்சியில் இதை நூறு முறை பார்த்தாலும் புரியாதவர்களுக்கு, திரையில் தாமே பத்து முறை செய்து பார்த்தால் விளங்கிவிடும். காரணத்தை நாமே மாற்றலாம், விளைவு மாறுவதை உடனே காணலாம். ஆய்வுக்கூடத்தில் கிடைக்கும் இன்பமும் இதுவே.

மாதிரியை மீறிய மனிதர்

எந்த மாதிரிக்கும் ஒரு நாள் சோதனை வரும். '2கே' தொடருக்கு அது ஸ்டீபன் கரி உருவில் வந்தது. தொலைவிலிருந்து எறிந்தால் வாய்ப்புக் குறையும், ஓட்டத்தின் இடையே திடீரென எறிந்தால் மேலும் குறையும் என்று விளையாட்டின் விதிகள் வகுக்கப்பட்டிருந்தன. அனுபவத்துக்குப் பொருந்திய, நியாயமான விதிகளே அவை. கரியோ 2014-15 பருவத்தில் 286 மூன்று புள்ளி எறிதல்களை வென்று சாதனை படைத்தார். அடுத்த பருவத்திலேயே அவ்வெண்ணிக்கையை 402ஆக உயர்த்திவிட்டார்! எவையெல்லாம் தவறான எறிதல்கள் என்று விளையாட்டு தண்டித்து வந்ததோ, அவற்றையே அவர் வெற்றியாக்கினார். அவரை எவ்வாறு விளையாட்டில் அமைப்பது என்பது தங்களுக்கே புதிராக உள்ளது என்று அதன் தயாரிப்பாளர்கள் 2016இல் வெளிப்படையாக ஒப்புக்கொண்டனர்.

உண்மையும் மாதிரியும் மோதினால் திருத்த வேண்டியது மாதிரியைத்தான். அவர்களும் பின்வந்த பதிப்புகளில் திருத்தினர். இதைப் பாராட்ட வேண்டும்.

பெட்டிக்குள் ஒளிந்த விருப்பு வெறுப்பு

ஆனால் திரையுலகின் விதிகளை மனிதர் எழுதுகின்றனர். எனவே மனிதரின் நம்பிக்கைகளும் அவற்றோடு உள்ளே புகுந்துவிடுகின்றன. 1993இல் வந்த 'என்.பி.ஏ. ஜாம்' என்ற விளையாட்டில் ஒருவர் தொடர்ந்து மூன்று முறை பந்தை வளையத்தில் போட்டால், பந்து தீப்பற்றி எரியும். பின்னர் அவர் எறிவதெல்லாம் பெரும்பாலும் உள்ளே விழும். 'கை சூடாகிவிட்டது' என்று ஆட்டக்காரர்கள் சொல்லும் நம்பிக்கையின் படவடிவம் இது. 'தத்ரூபமானது' எனப்படும் '2கே' தொடரும், நன்றாக ஆடிக்கொண்டிருப்பவருக்குச் சிறிது நேரம் கூடுதல் ஆற்றலை வழங்குகிறது.

இந்நம்பிக்கை மெய்தானா? தாமஸ் கிலோவிச், ராபர்ட் வல்லோன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி ஆகிய மூவரும் 1985இல் ஃபிலடெல்ஃபியா அணியின் எறிதல் பதிவுகளை ஆராய்ந்து, கை சூடாவது என்பது மனமயக்கம் என்றனர். நாணயத்தைச் சுண்டினாலும் தொடர்ந்து தலை விழுவது உண்டு. அதைப் போன்றதே இதுவும் என்பது அவர்கள் வாதம். நெடுங்காலம் இதுவே முடிந்த முடிவாகக் கருதப்பட்டது. 2018இல் ஜோஷுவா மில்லர், ஆடம் சான்ஹுர்ஹோ இருவரும் அந்தக் கணக்கு முறையில் ஒரு நுண்ணிய சார்பு உள்ளதைக் காட்டினர். அதை நீக்கினால் கை சூடாவதற்குச் சான்று தெரிகிறது என்றனர். அறிவியல் இவ்வாறு தன்னைத்தானே திருத்திக்கொண்டு நடக்கிறது. விளையாட்டு நிரலோ ஒரு நம்பிக்கையை எடுத்து விதியாக்கிவிடுகிறது. அதையே நாள்தோறும் காணும் இளைஞருக்கு அது ஐயத்துக்கு இடமற்ற இயற்கை நியதியாகத் தோன்றும்.

இன்னொரு வேடிக்கையும் உண்டு. 'என்.பி.ஏ. ஜாம்' விளையாட்டை வடிவமைத்த மார்க் டர்மெல், டெட்ராய்ட் அணியின் ரசிகர். டெட்ராய்ட்டுக்கு எதிராகச் சிகாகோ அணி கடைசி விநாடியில் எறியும் பந்து உள்ளே போகாதவாறு அவர் நிரலில் இரகசிய ஏற்பாடு செய்துவிட்டார்! பிற்காலத்தில் அவரே இதைச் சொன்னார். அதுவரை எத்தனை பேர் தங்கள் விரலை நொந்துகொண்டனரோ! புவியீர்ப்பு எந்த ஊருக்கும் சலுகை காட்டுவதில்லை. நிரல் காட்டக்கூடும், நாம் அறியாமலே காட்டக்கூடும்.

விலைக்குக் கிடைக்கும் திறமை

டர்மெல் செய்தது விளையாட்டுத்தனம். ஆனால் அதே வழியில் வாணிகமும் புகுந்துவிட்டது. '2கே' தொடரில் நீங்கள் உங்களுக்கென ஓர் ஆட்டக்காரரை உருவாக்கிக்கொள்ளலாம். தொடக்கத்தில் அவர் திறன் எண் ஏறக்குறைய 60 இருக்கும். அதை 99 வரை உயர்த்தலாம். அதற்கு விளையாட்டுக்குள் செல்லும் ஒரு கற்பனை நாணயம் வேண்டும். பல மணி நேரம் ஆடி அதைச் சிறுகச் சிறுகச் சேர்க்கலாம். அல்லது மெய்யான பணம் கொடுத்து உடனே வாங்கிவிடலாம். 2017இல் வந்த பதிப்பில் திரை மனிதருக்கு முடி வெட்டவும் இந்நாணயம் கேட்டதால் பெரும் கண்டனம் எழுந்தது. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாத சீட்டுக்கட்டுகளைப் பணத்துக்கு விற்பது சூதாட்டம் என்று பெல்ஜியம் நாட்டு அதிகாரிகள் 2018இல் முடிவு செய்ததும், அந்நாட்டில் அவ்விற்பனையை நிறுத்த நேர்ந்தது.

நான் இங்கே சிக்கனம் பற்றி உபதேசம் செய்ய வரவில்லை. இயற்பியல் கற்பிப்போர் கேட்க வேண்டிய கேள்வி வேறு. 51 பாகையில், 7.2 மீட்டர் வேகத்தில், ஆயிரத்தில் மூன்று பங்குத் துல்லியத்துடன் எறியும் ஆற்றல் பணத்தால் வருமா? பல்லாண்டுப் பயிற்சியால் மட்டுமே வரும். கூடைப்பந்தைப் பற்றிய இந்த அடிப்படை உண்மையை, நெற்றி வியர்வையையும் உடலின் பச்சைக்கோலத்தையும் தவறாமல் படியெடுத்த ஒரு விளையாட்டு பொய்யாக்கிவிடுகிறது. வியர்வை மெய்யாக இருக்கிறது. வியர்வைக்கும் திறமைக்கும் உள்ள உறவு மெய்யாக இல்லை. இத்தொடரின் பெருங்குறை இதுவே என்பது என் கருத்து. அது படத்தில் உள்ள குறை அன்று. மாதிரியில் உள்ள குறை.

மூன்று கேள்விகள்

இவ்விளையாட்டை மட்டுமல்ல, கணிப்பொறியில் இயங்கும் எந்த மாதிரியையும் மதிப்பிட மூன்று கேள்விகள் உதவும். வானிலை, தேர்தல், நோய்ப்பரவல் என்று எத்தனையோ மாதிரிகளின் முடிவுகளை நாம் நாள்தோறும் கேட்கிறோம் அல்லவா?

முதலாவது: அதன் விதிகள் வெளிப்படையானவையா? '2கே' விளையாட்டின் நிகழ்தகவு அட்டவணை நிறுவனத்திடமே இருக்கிறது; விளையாட்டு விற்பனைக்கு வந்த பின்னும் அவ்வப்போது மாற்றப்படுகிறது. இரண்டாவது: விதிகள் எல்லோருக்கும் ஒன்றா? பணம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் அவை ஒன்றல்ல. மூன்றாவது: உண்மையோடு முரண்பட்டால் திருத்திக்கொள்கிறதா? கரி விஷயத்தில் திருத்திக்கொண்டது. மூன்றில் ஒன்றில் தேர்ச்சி, இரண்டில் தோல்வி என்றே மதிப்பெண் இட வேண்டியிருக்கிறது.

அதற்காக இதை ஆடவே கூடாது என்று சொல்லமாட்டேன். ஆடுங்கள், களத்தின் இடைவெளிகளைக் காணவும், கணத்தில் முடிவெடுக்கவும் இது நன்றாகவே கற்றுத்தருகிறது. கூடவே ஒரு சோதனையும் செய்து பாருங்கள். பள்ளியிலோ கல்லூரியிலோ கூடைப்பந்துத் திடல் இருக்கும். கோட்டில் நின்று 100 முறை எறியுங்கள். உள்ளே விழுந்தால் 1, விழாவிட்டால் 0 என்று வரிசையாகக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் ஒரு நாணயத்தை 100 முறை சுண்டி அதையும் அவ்வாறே எழுதுங்கள். இரு வரிசைகளிலும் தொடர்ச்சியாக வரும் 1-களின் நீளத்தை ஒப்பிடுங்கள். நீங்கள் எறிவதில் பாதி உள்ளே விழாவிட்டால், நாணயத்துக்குப் பதிலாக 1 முதல் 10 வரை எழுதிய சீட்டுகளைக் குலுக்கி எடுத்து, உங்கள் வெற்றி விகிதத்துக்கு ஏற்பச் சில எண்களை வெற்றியாகக் கொள்ளலாம். உங்கள் கை சூடாகிறதா இல்லையா என்பதற்கு வேறு எவர் எழுதிய நிரலையும் நம்ப வேண்டியதில்லை. ஒரே வாரத்தில் முடிவு கிடைத்துவிடும் என்று எண்ண வேண்டாம். நூறு எறிதல் போதாது என்பதை நீங்களே உணர்வீர்கள். அப்போது இன்னும் சில நூறு எறியத் தோன்றும். தோன்றினால், எறியுங்கள்.